இருவர் வாசித்த புல்லாங்குழல்

நேற்று கடையில் என் மகள் தனக்கென்று ஒரு புல்லாங்குழலைத் தேர்ந்தெடுத்து ஊதிப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. எனக்கு என் கூடப்பிறந்த செல்வி அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் அக்கா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், வேலை பார்த்தாள். பசுவந்தனைத் திருவிழாவில் வளையல் வேண்டாம் என்று சொல்லி ஒரு புல்லாங்குழல் வாங்கினாள். ஒரு மாதம் ஊதியும் காற்றைத் தவிர ஒன்றும் வரவில்லை. அந்தச் சமயத்தில் ஆபீசில் தீக்குச்சி மருந்து பற்றிக்கொண்டது. அவளுடைய வலது கை விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, மேல மூணு ஓட்டைய நான் பொத்துதேன். கீழ மூணையும் நீ பொத்து."

அவளை ஒட்டி உட்கார்ந்து பொத்தினேன். நாலாம் நாள் ஒரு சுரம் சுத்தமாக எழுந்தது. அக்கா ஊதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அடுப்படியில் அம்மா அழுதாள்.

ஆனால் அந்தக் கையில் பூசியிருந்த களிம்பின் வாடை எனக்குக் குமட்டியது. அடுத்த வாரம், பரீட்சைக்குப் படிக்கணும் என்று பொய் சொன்னேன்.

"சரிட்டி, நீ படி" என்றாள். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அப்புறம் அவள் என்னைக் கூப்பிடவே இல்லை.

"அம்மா, ஒங்க வீட்டுல யாருக்காவது வாசிக்கத் தெரியுமா?" என்று மகள் கேட்டாள்.

யாருக்கும் தெரியாது என்றேன்.