மச்சினரின் திருத்தமும் வரிசையில் விடப்பட்ட தட்டுகளும்

என் மனைவியின் தம்பி எழுதிய நிரல் திருத்தம் ஒன்றைப் படித்துப் பார்த்து, அதன் கீழ் என் பெயரை இட மறுத்த காரணத்தால், விருதுநகரிலுள்ள என் சொந்த வீட்டிலேயே ஒரு வாரகாலம் எனக்குச் சீனியில்லாத காப்பி வழங்கப்பட்டது. சர்க்கரை நோய் எனக்கு இல்லை என்பதையும் ஈண்டுப் பதிவு செய்கிறேன்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன்பின் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல் நிரலை, ஆசிரியர் எவருமின்றி, நானாகவே படித்துக்கொண்டேன். அதற்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி மின்னஞ்சல் குழுவிற்கு அனுப்பலாம். வேறொருவர் அதைப் படித்து, ‘பார்த்தேன், சரி’ என்று பெயரிட்டால் பொறுப்பாளர் விரைந்து கவனிப்பார். சூலக்கரையில் குடியிருக்கும் மச்சினர் முன்பு அனுப்பிய இரண்டு திருத்தங்களை எவரும் சீந்தவில்லை. மூன்றாவதற்கு என் பெயரை நம்பினார். தம் பெயர் கர்னலில் ஏறப்போவதாகச் சம்பந்தி வீடு வரைக்கும் அறிவித்தும்விட்டார்.

திருத்தத்தின் பொருள் இது. ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே அமைந்த மெய்நிகர்க் கணினி ஒன்று இயங்கும். அதனோடு எழுத்தில் பேச உதவும் சாதனம் கன்சோல். வெளியிலிருந்து வரும் எழுத்துகளை வாங்குவதற்காக, உள்ளேயுள்ள டிரைவர் என்னும் சிறு நிரல் காலித் தட்டுகளை வரிசையில் வைத்துக் காத்திருக்கும். நினைவகத்தின் சிறு துண்டுகளையே தட்டுகள் என்கிறேன். சாதனத்தைக் கழற்றும்போது இவ்வரிசையை நீக்கும் பகுதியை மச்சினர் சுருக்கியிருந்தார். அழகிய சுருக்கம்தான். ஆயினும் தட்டுகளைத் திரும்ப எடுக்கும் வேலையும் அச்சுருக்கத்தோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினர் நேரிலேயே வந்துவிட்டார்.

"பாத்தீகளா மச்சான்?"

"பாத்தேன் மாப்ளே. வரிசைய எடுத்துட்டீக. அதுல கெடக்குற தட்டையெல்லாம் யாரு எடுப்பா?"

"வரிசையே போயிருச்சு. அப்புறம் தட்டு எங்கன இருக்கும்?"

"ரூமைப் பூட்டிட்டா உள்ள கெடக்குற மருந்து இல்லாமப் போயிருமா?"

"ஆரம்பிச்சுட்டீகளா! இது பட்டாசுக் கம்பெனி இல்ல மச்சான்."

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "தம்பி கல்யாணப் பத்திரிகையில பேரு போடணும்னப்ப மொத ஆளா நின்னீக. இதுல போட மட்டும் கை வலிக்குதாக்கும்?"

"பத்திரிகையில பேரு போட்டா மாப்பிள்ளை நல்லவருன்னு அர்த்தமில்ல. இதுல போட்டா பொறுப்பு."

"அப்ப நான் நல்லவன் இல்லையா?" என்றார் மச்சினர்.

அன்று மாலையே, மும்முறை சீர்செய்த ஆங்கிலத்தில், அம்மின்னஞ்சல் குழுவில் உலகறியக் கருத்தெழுதினேன்: முதலில் தட்டுகளைத் திரும்ப எடுக்க வேண்டும், அடுத்துச் சாதனத்தை நிறுத்த வேண்டும், இறுதியில் வரிசையை நீக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் வேலை முடியும் நேரத்து ஒழுங்கும் அதுவே. மிஞ்சிய வெடிமருந்து முதலில் வெளியேறும், பின்னர் ஆட்கள், கடைசியில் பூட்டு.

இரண்டு நாள் கழித்துப் பொறுப்பாளர் பணிவாகப் பதிலளித்தார். தட்டுகளை எடுக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் சாதனம் நிற்குமுன் எடுத்தால், அப்பொழுதும் வெளியிலிருந்து தட்டுகளில் எழுதிக்கொண்டிருக்கும் மறுமுனை எதன்மேல் எழுதும் என்று வினவியிருந்தார். நான் எழுதியதை மீண்டும் எடுத்துப் படித்தேன். மருந்து சலித்துக்கொண்டிருப்பவர் கையிலிருந்தே சல்லடையைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன்! தொழிற்சாலையில் நான் வாசலில் நின்று இருமினாலே அனைவரும் கையை எடுத்துவிடுவர். மெய்நிகர்ச் சாதனத்திற்கு என் இருமல் கேட்காது.

தொலைபேசி ஒலித்தது.

"படிச்சீகளா மச்சான்? வேணும்னா நான் வாசிச்சுக் காட்டட்டா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அக்காவுக்கும் அனுப்பிட்டேன்."

"அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதே மாப்ளே."

"தமிழ்ல போட்டுத்தான் அனுப்புனேன்."

திரும்பிப் பார்த்தேன். மனைவி கைபேசியோடு நின்றிருந்தாள். "இப்ப யாரு தப்பு?" என்றாள்.

"ஆளுக்குப் பாதி."

"அப்ப ரெண்டு பாதியையும் சேத்துச் சரி பண்ணி, பேரைப் போட்டுத் தொலைங்க."

மச்சினர் அடுத்த வடிவத்தை அனுப்பினார். முதலில் சாதனம் நின்றது, பின் தட்டுகள் திரும்பின, அதன்பின் வரிசை நீங்கியது. படித்ததோடு நான் அமையவில்லை. மறுமுனையிலிருந்து இடைவிடாது எழுத்துகளை அனுப்பியபடியே, ஒரு பகல் முழுவதும் அச்சாதனத்தை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். கணினி திணறவில்லை. நினைவகமும் குறையவில்லை.

பெயரிடுமுன் செய்ய வேண்டிய கடமை ஒன்று எஞ்சியிருந்தது. நான் உரைத்த ஒழுங்கு பிழையானது என்பதை, அதை உரைத்த அதே இடத்தில் எழுத வேண்டும். அதற்கு ஒரு முற்பகல் செலவாயிற்று. எழுதி, பெயரையும் இட்டு அனுப்பிவிட்டு, மச்சினரை அழைத்தேன்.

"போட்டுட்டேன் மாப்ளே."

"பாத்தேன் மச்சான்," என்றார் அவர். குரல் தழுதழுத்தது, அல்லது சிரிப்பை அடக்கினார். "தப்பை ஒத்துக்கிட்டதே பன்னெண்டு வரி வருது. திருத்தத்துல நான் புதுசாச் சேத்ததே மூணு வரிதான்."