அட்டையில் சிரிக்கக் கூடாது

சென்னையிலிருந்து மாமா வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கக் கூடாது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. இளைஞர்களுக்காக நடக்கும் ஓர் இசை மாத இதழில் அப்போது அவர் பக்கங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சிரிக்கிற முகத்தைப் பட்டணத்துப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள் என்பது அவர் அங்கே கற்றுவந்த முதல் பாடம். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு முன்பற்கள் கொஞ்சம் தூக்கலாக முளைத்திருந்ததால் இந்தச் சட்டம் வசதியாகவே இருந்தது.

ஒருநாள் பழைய இதழ்களையெல்லாம் கூடத்தில் பரப்பிவைத்து அவர் எங்களுக்கு வகுப்பெடுத்தார். எல்லா அட்டையிலும் ஒரே ஒரு முகம். அதுவும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில். எல்லா முகமும் நேராக நம்மையே பார்த்தது. பாடுகிறவர் பாடவில்லை, கிதார்க்காரர் கையில் கிதார் இல்லை. பத்திரிகையின் பெயரைக்கூட மண்டை மறைத்துக்கொண்டிருந்தது. பாத்திரம் துலக்கிய கையோடு அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடா இது, எல்லாம் ஸ்டேஷன்ல புடிச்சு வச்ச போட்டோ மாதிரி முறைக்குதுங்க?”

“அதான்க்கா ஸ்டைலு. சிரிச்சா பல்பொடி விளம்பரம்னு தாண்டிப் போயிடுவான். முறைச்சா, யாருடா இவன்னு நிப்பான். நின்னா கையில எடுப்பான். எடுத்தா வாங்கிடுவான்.”

பெயரை ஏன் மறைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். பெயர் முழுதாகத் தெரிந்தால் அது நம்மை வா வா என்று கூப்பிடுகிற மாதிரி இருக்குமாம். கூப்பிட்டால் இளைஞர்கள் வர மாட்டார்கள், கண்டுகொள்ளாத மாதிரி இருந்தால்தான் வருவார்கள் என்றார். இத்தனை வயதாகியும் அவருக்குப் பெண் அமையாததற்கு இதுதான் காரணமோ என்று அம்மாவுக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

அவர் அந்த முறை ஊருக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அடுத்த இதழ் சிற்றூர் இசைக்காரர்களைப் பற்றியது. அதற்கு ஓர் அட்டை செய்து, ஊரில் நாலு பேர் போகிற இடத்தில் வைத்து, இளவட்டங்கள் நின்று பார்க்கிறார்களா என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் பத்திரிகை ஆசிரியர். நின்றால் மாமாவுக்கு வேலை நிரந்தரம். நிற்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கே வந்துவிட வேண்டியதுதான். பேருந்து நிலையத்துப் பக்கம் ஃபிளெக்ஸ் கடையில் காதுகுத்து பேனர் அடிக்கிற பழைய வேலை அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அட்டை முகத்துக்கு மாமா தேர்ந்தெடுத்தது என் பெரியப்பாவை. அடுத்த வீட்டில் இருந்த அவர் டிரம்பெட் ஊதுகிறவர், சொந்தமாக பேண்டு செட் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றாலும் சாவு ஊர்வலம் என்றாலும் அவர் ஊதினால்தான் கால் நகரும். ஆனால் ஊரிலிருக்கிற கல்யாண ஆல்பத்தையெல்லாம் புரட்டினாலும் அவர் முகம் கிடைக்காது. ஏதாவது ஓரத்தில் டிரம்பெட்டின் வாய் மட்டும் தெரியும், அதற்குப் பின்னால் ஆள் இருக்க மாட்டார். வீடியோக்காரர் குதிரையைக் காட்டுவார், குடை விளக்கைக் காட்டுவார், ஆடுகிற பையன்களைக் காட்டுவார். பெரியப்பா இருக்கிற இடம் வந்ததும் அவருக்கு மணப்பெண் ஞாபகம் வந்துவிடும். இதை ஒரு குறையாகப் பெரியப்பா சொன்னதே இல்லை. ஆனால் எந்த வீட்டில் ஆல்பத்தைக் கொடுத்தாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார்.

மாமா கேட்டபோது, “எனக்கு எதுக்கு மாப்ள இதெல்லாம்” என்றார். சொல்லிவிட்டு மறுநாள் காலையிலேயே மீசைக்குச் சாயம் பூசி, சிவப்புக் கோட்டும் ஜரிகைக் குஞ்சமும் தொப்பியுமாக, பளபளவென்று துடைத்த டிரம்பெட்டோடு வந்து நின்றார். மாமா தொப்பியை எடுத்தார். கோட்டைக் கழற்றச் சொன்னார். கடைசியில் டிரம்பெட்டையும் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டார்.

“வாத்தியம் இல்லாம நான் இன்னா பண்றவன்னு எப்டி மாப்ள தெரியும்?”

“தெரியக் கூடாது மாமா. அதான் டிசைனே.”

கறுப்புச் சட்டை போட்டு வெற்றுச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். பெரியப்பாவுக்கோ கேமராவைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. எதையாவது சோகமாக நினைத்துக்கொள்ளச் சொன்னார் மாமா. பெரியப்பா கண்ணை மூடி யோசித்துப் பார்த்துவிட்டு முன்னைவிட ஜாஸ்தியாகச் சிரித்தார். கடைசியில் பெரியம்மாவைக் கூட்டிவந்து கேமராவுக்குப் பின்னால் நிற்கவைத்த பிறகுதான் அந்த முகம் மாமா கேட்ட பதத்துக்கு வந்தது.

அதற்கப்புறம் பெரியப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம், “உங்க மாமன் முடிச்சிட்டானா?” என்று கேட்டார். வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். ஆனால் அவர் வீட்டுக் கூடத்தில், வாசலுக்கு நேரெதிரே தொங்கிய நாள்காட்டி திடீரென்று சமையலறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆணி மட்டும் காலியாக இருந்தது.

எங்கள் ஊர்க் கடைகளில் பத்திரிகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். முகத்தில் நெற்றி மட்டும்தான் தெரியும். அதனால் மாமா அட்டையைப் பெரிதாக்கிச் சுவரொட்டியாகவே அடித்துவிட்டார். மேலே பத்திரிகைப் பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பெரியப்பாவின் இரண்டு காதுகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தன. மற்ற எழுத்தெல்லாம் தலைக்குப் பின்னால். கீழே பெரியப்பாவின் பெயர். வேறு எதுவும் இல்லை. சுவரொட்டி ஒட்டுகிறவரிடம், “ஜனம் பாக்கற எடமா பாத்து ஒட்டுங்க” என்று சொன்னார் மாமா. ஒட்டுகிறவர் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். மாமாவின் தோளை ஆதரவாகத் தட்டினார். பிறகு பசை வாளியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய், இந்த மாதிரிப் படங்களை வழக்கமாக எங்கெங்கே ஒட்டுவாரோ அங்கெல்லாம் ஒட்டினார். எங்கள் தெருமுனையில், பேருந்து நிலையத்துச் சுவரில், சுடுகாட்டுக்குப் போகிற சாலையில்.

மாமா பட்டணத்திலேயே கிடந்து ஒரு விஷயத்தை மறந்துபோயிருந்தார். எங்கள் ஊர்ச் சுவரில் ஒரு முகம் தனியாக, கறுப்பு வெள்ளையில், சிரிக்காமல் நேராகப் பார்த்தால் அந்த ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். கண்ணீர் அஞ்சலி என்று எழுதியிருக்கிறதா என்றெல்லாம் யாரும் பக்கத்தில் போய்ப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. பேருந்து நிலையத்துச் சுவருக்கு எதிரேயிருந்த டீக்கடையில் மாமா போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பன்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் கல்லூரிப் பையன்கள் இருவர் பைக்கில் வந்தார்கள். படத்தைத் தாண்டிப் போனவர்கள் திரும்பி வந்து வண்டியை அணைத்துவிட்டு நின்றார்கள். மாமா என் தொடையைக் கிள்ளினார். அப்புறம் பூக்கட்டுகிற அம்மா நின்றாள், ஆட்டோக்காரர் நின்றார், வேலூர் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கூட நின்றார். பையன்கள் போனை எடுத்துச் சுவரொட்டியைப் படம் பிடித்தார்கள்.

“பாரு, ஷேர் பண்றானுங்க!” மாமா பாதி எழுந்துவிட்டார்.

“செருப்பக் கழட்டிட்டு நிக்கிறாங்க மாமா” என்றேன்.

“மரியாதைடா. கலைஞனுக்கு மரியாதை.”

ஆசிரமத்துப் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர் மட்டும் மாமாவிடம் வந்து, இந்தப் பத்திரிகை எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார். அட்டையை அட்டையாகப் பார்த்தவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். கூட்டம் பெருகியது. கண்ணைத் துடைத்துக்கொண்ட டீக்கடைக்காரர் எங்களிடம் காசு வாங்க மறுத்தபோதுதான் மாமாவின் முகம் லேசாக மாறியது. அதே நேரம் அம்மா போனில் கூப்பிட்டாள். “டேய், உடனே வூட்டுக்கு வா” என்று மட்டும் சொன்னாள்.

நாங்கள் போனபோது தெருவே அடைத்துக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் வீட்டு வாசலில் யாரோ நாற்காலிகளை இறக்கிப் போட்டிருந்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பெரியம்மாவின் அண்ணன் வேன் பிடித்துக் கிளம்பிவிட்டாராம். எப்போது எடுக்கிறீர்கள் என்று போனில் கேட்டவர்களுக்கெல்லாம் பெரியம்மா ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எடுக்கறதா? இப்பத்தான் இன்னும் ரெண்டு தோசை கேட்டு வாங்கித் தின்னுட்டு எண்ணெ தேச்சிக்கப் போயிருக்காரு!”

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

ஒரு பேண்டுக்காரர் இறந்தால் ஊரிலுள்ள மற்ற பேண்டுகள் காசு வாங்காமல் வந்து ஊதிவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கம். முதலில் வந்து சேர்ந்தது பெரியப்பாவோடு ஜென்மப் பகை பாராட்டி வந்த பேண்டு மாஸ்டர். தன் ஆட்களோடு முழு உடுப்பில் வந்திருந்தார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “இந்த ஊர்ல டிரம்பெட்னா அவரு ஒருத்தர்தான், நாங்கெல்லாம் சும்மா காத்து வுடறவங்க” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊத ஆரம்பித்துவிட்டார்.

கொல்லைப்பக்கத்தில் கோவணத்தோடு உடம்பெல்லாம் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த பெரியப்பா இந்தப் பேச்சையும் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் பேச்சு முடிகிறவரைக்கும் அவர் வெளியே வரவில்லை. வாசிப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில்தான் இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்து வந்தார்.

“யோவ், அந்த எடத்துல எறக்காத! ஏத்திப் புடிக்கணும்னு எத்தினி வாட்டி சொல்றது?”

டிரம் அடித்தவர் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினார். நாற்காலிகள் சரிந்தன. பகை மாஸ்டர் மட்டும் ஓடாமல் நின்று, பெரியப்பாவைத் தொட்டுப் பார்த்து, கையில் ஒட்டிய எண்ணெயை முகர்ந்தும் பார்த்துவிட்டு, இத்தனை பேர் முன்னால் புகழ்ந்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் பெரியப்பா உள்ளே போய்த் தன் டிரம்பெட்டை எடுத்துவந்தார். இரண்டு பேரும் வாசலில் நின்று போட்டி போட்டுக்கொண்டு ஊதினார்கள், சாவுக்கு வந்த கூட்டம் ஆட ஆரம்பித்தது. வாங்கிவந்த மாலைகளை வீணாக்க வேண்டாம் என்று இருவர் கழுத்திலும் போட்டார்கள். பெரியம்மா மட்டும் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பூசணிக்காய் வாங்கிவந்து கணவருக்குச் சுற்றி நடுத்தெருவில் உடைத்தாள். உடைத்த வேகத்தைப் பார்த்தால் அவள் மனதிலிருந்தது மாமாவின் மண்டை என்று தோன்றியது.

வீடியோ சென்னைக்குப் போனது. இத்தனை பேரை நிற்கவைத்த அட்டையைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று ஆசிரியர் அசந்துபோனார். மாமாவின் வேலை நிரந்தரமானது. அம்மா கேசரி கிளறினாள். ஆணியின் பக்கத்திலேயே ஒரு சின்ன விளக்கும் போட்டுவைத்தார் பெரியப்பா.

இதழ் வந்த அன்று மாமாவே அதைக் கொண்டுவந்தார். அதே கறுப்பு வெள்ளை. அதே வெற்றுச் சுவர், அதே கறுப்புச் சட்டை, அதே மாதிரி பெயரை மறைத்த தலை. முகம் மட்டும் வேறு. ஒற்றைக் காதில் கடுக்கன் போட்ட யாரோ ஒரு பாட்டுக்காரப் பையன் எங்களை முறைத்தான்.

“பசங்க வாங்கற புக்கு, வயசு ஜாஸ்தின்னுட்டாங்க மாமா” என்று மாமா தரையைப் பார்த்துச் சொன்னார்.

பெரியப்பா அட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “லைட்டு நல்லா உழுந்திருக்கு மாப்ள” என்றார். பிறகு வழக்கம்போல முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நிதானமாகப் புரட்டினார். உள்ளே எறும்பு அளவு எழுத்தில் அட்டை வடிவமைப்பு என்று மாமாவின் பெயர் இருந்தது. அதைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார். அடுத்த நாள் நாள்காட்டி பழைய ஆணிக்கே திரும்பிவிட்டது. எனக்கு அந்தக் கடுக்கன் பையன்மேல் இருந்த கோபம் இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை.

பேருந்து நிலையத்துச் சுவரொட்டியையும் தெருமுனைச் சுவரொட்டியையும் பெரியம்மா ஆள்வைத்துக் கிழித்துவிட்டாள். சுடுகாட்டுச் சாலையில் இருந்தது அவள் கண்ணில் படவில்லை. அப்போதெல்லாம் பெரியப்பாதான் என்னை மொபெட்டில் பள்ளிக்கூடத்தில் விடுவார். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நேர் சாலை இருக்க, அவர் சுடுகாட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். அந்தச் சுவர் வந்ததும் வண்டி வேகம் குறையும். நேரமாகிறது, ஏன் இந்த வழி என்று நான் கேட்டால், “இங்க பள்ளம் கம்மி” என்பார். அந்தச் சாலை முழுக்கப் பள்ளம்தான். ஊரிலுள்ள தெருவையெல்லாம் நடந்தே அளந்த மனிதருக்கு எந்தச் சாலையில் பள்ளம் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லையே என்று, குலுங்கிக் குலுங்கிப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் அவருக்காக வருத்தப்பட்டேன்.