இறகு கக்கிய கடைசல் இயந்திரம்

என் அத்தை வெர்லீன் டாக்கெட், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். முதல் வளைவு திரும்பும்போதே வாத்து மாதிரிக் கத்துவாள். பின்னால் பிள்ளைகள் அத்தனை பேரும் பதில் கத்துவார்கள். காட்டு வாத்துகளை ஏமாற்றிக் கீழே இறக்க நாங்கள் ஊதும் மரக்குழல்களில், கடையில் விற்கும் எதுவும் அவளுக்குப் பிடிப்பதில்லை. எல்லாமே ஜலதோஷம் பிடித்த வாத்து என்பாள். சொந்தமாக ஒன்றைக் கடைந்தே தீருவது என்று வெறி.

அவளோடு படித்த ஓரின் ப்ரூவிட்டின் கொட்டகையில் மரம் கடையும் பழைய கடைசல் இயந்திரம் ஒன்று கிடந்தது. அதற்கு ஈடாக அவளுடைய படகு மோட்டாரைக் கேட்டான். அத்தை இயந்திரத்தைக் கண்ட குஷியில் கையைக் குலுக்கிவிட்டாள். எங்கள் பக்கம் கை குலுக்கினால் முடிந்தது. பின்வாங்கியவரை யாரும் வேட்டைக்குச் சேர்க்க மாட்டார்கள்.

அதன் பிறகுதான் சோதித்தாள். சுழலும் தண்டைப் பிடித்து உலுக்கினாள், ஆட்டமில்லை. கையால் சுற்றினாள், பேரிங் முனகவில்லை. எதிர்ப்பக்கத்து நகரும் கட்டையைத் தள்ளி, இரண்டு பக்கத்துக் கூர்முனைகளையும் நெருக்கினாள். அவை சந்திக்கவில்லை. ஒன்று மற்றதைவிடத் தீக்குச்சி அளவு உயரம்.

"போச்சு," என்றாள். "இதுல துளை போட்டா கோணலாத்தான் போவும். குழல் ஒரு பக்கம் காயிதமா மெலிஞ்சு வெடிச்சிடும்."

"மோட்டார எப்ப கழட்டலாம் வெர்லீன்?" என்று இளித்தான் ஓரின்.

"இருடா, நான் இன்னும் அழுதே முடிக்கல."

நான் குனிந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். ஒன்றும் புரியாதபோது குனிந்து பார்க்கத்தான் நாலு வருஷம் படித்தேனா என்று அடிக்கடி தோன்றும். கட்டைக்கு அடியில் பச்சையாக ஏதோ மினுங்கியது. இழுத்தேன். ஆண் வாத்தின் தலை இறகு!

"ஓரின், இந்த மெஷின்ல என்னடா பண்ணினே?"

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "ரப்பர் விரல் வச்ச உருளைய மாட்டி... வாத்துக்கு இறகு பிடுங்கினேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே பிடுங்கும்."

கட்டையைக் கழற்றினோம். அடியில் கொழுப்பும் இறகும் கேக் மாதிரி இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டித் திரும்ப மாட்டினோம். இப்போது கட்டை தாழ்ந்து, இரண்டு கூர்முனைகளும் நுனியோடு நுனி தொட்டன.

"முத்தம் குடுக்குது! முத்தம் குடுக்குது!" என்று குதித்தாள் அத்தை.

பொத்தானை அழுத்தினாள். பெல்ட் பெட்டி பல வேட்டைப் பருவத்து இறகுகளை ஒரே மூச்சில் கக்கியது. இறகு ஒட்டி ஓரினின் மீசை வெளுத்துப் போனது. சிரித்துச் சிரித்து மூவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

"நல்ல மெஷினா ஆயிடுச்சே. மோட்டாரோட படகையும் குடுத்துடேன்," என்றான்.

"இந்த இறகெல்லாம் உனக்கே. தலகாணி தச்சுக்கோ."

வீட்டில் அதைக் கனமான மேசையில் போல்ட் போட்டு முறுக்கி, அதிராமலிருக்கக் கீழ்த்தட்டில் மணல் மூட்டைகளை அடுக்கினோம். மரத்துண்டைத் துளைத்தாள். துளை மறுமுனையில் நட்டநடுவே வெளிவந்தது. கடைந்து, ஊதினால் அதிர்ந்து ஒலிக்கும் நாக்குத் தகட்டைச் செருகி, வாசலில் நின்று ஊதினாள்.

தண்ணீர் தேக்கிய நெல்வயலிலிருந்து ஒரு பெட்டை வாத்து பதில் சொன்னது. அத்தை மறுபடி ஊதினாள். அது இன்னும் கோபமாகக் கத்தியது.

"என்னைச் சக்களத்தின்னே நெனச்சுட்டா!"

"மோட்டார் போச்சே, சனிக்கிழம வேட்டைக்கு என்ன பண்றது அத்தை?"

"மோட்டார் எதுக்கு? இனிமே நாம எங்கயும் போக வேணாம். அதுங்களே வரும்!"