வெயில் ஏறுதுங்க என்று சொன்னேன்

முப்பத்து நாலாம் வருஷமோ முப்பத்தைந்தோ, சித்திரை மாதக் கடைசி. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே, என் மனைவி பிறந்த வீட்டுத் தோட்டத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட நிறையவில்லை.

அந்தக் கோடையில் அவர்கள் கிணறு அடியோடு வற்றிவிட்டது. வைத்து மூன்று வருஷமான தென்னம்பிள்ளைகள் காய ஆரம்பித்தன. எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஒரு வீட்டையே உள்ளே இறக்கிவிடலாம் போல அகலமானவை. மேல் பாதி மண், கீழ்ப் பாதி பாறை. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், இரண்டு கூலியாட்களுடன் தானும் இறங்கிக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு நாள் நல்ல மழை பிடித்து வேலை நின்றது. மழை விட்ட மறுநாள் காலையில் மறுபடியும் இறங்கிவிட்டார்கள். விருந்துக்குப் போயிருந்த நான் சும்மா இருக்கமாட்டாமல் தோட்டத்துக்குப் போனேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பயந்த சுபாவம். போகிற வழியில் ஓடைப் பள்ளத்தில் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்தே பாதி நாள் பள்ளிக்கூடம் போகாமல், மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவன். எழுத்தைப் பார்க்காத கண் மண்ணையும் வானத்தையுமே பார்த்துக்கொண்டிருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் வண்டியில் போகும்போது, எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதைப் பார்த்துவிட்டு, பள்ளத்தில் வெள்ளம் வரும், தாண்டக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். மாமனார் வீடு மொத்தமும் மூன்று மணி நேரம் இக்கரையில் உட்கார்ந்திருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. அதற்குப் பிறகு மச்சான் இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

அன்றைக்குக் கிணற்று மேட்டில் ஏறியதுமே என் மனசு சரியில்லை. கிணற்றுச் சுவர்ப் பொந்துகளில் எப்போதும் புறாக்கள் அடையும். அவை மேலே வட்டமடித்துக்கொண்டே இருந்தன; உள்ளே இறங்குவதும், உட்காராமல் திரும்புவதுமாக இருந்தன. ஆட்கள் வேலை செய்வதால் இருக்கும் என்று பார்த்தால், ஒரு பக்கத்துச் சுவரில் மட்டும் சில புறாக்கள் சாதாரணமாக உட்கார்ந்திருந்தன. உட்காராத பக்கத்தை நோக்கி நடந்தேன். எருதுகள் முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைக்கும் வாரிக்கு அருகே, விளிம்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி, தரையில் ஒரு வெடிப்பு. விரல் நுழையும் அகலம். புல்லின் வேர்கள் அதன் குறுக்கே நூல் போல இழுபட்டு நின்றன. வெடிப்பு புதிது, ஓரத்து மண் இன்னும் ஈரமாக இருந்தது. குனிந்து காது கொடுத்தேன். உள்ளே பொட்டுப் பொட்டாகக் கல் விழும் சத்தம். கீழே மச்சானும் ஆட்களும் சரியாக அந்தச் சுவருக்கு அடியில்தான் நின்றார்கள்.

கீழேயிருந்து மச்சான் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங் மாப்ளே, எட்டி எட்டிப் பாக்கறீங்க? இன்னைக்கு எறும்பு என்னங்க சொல்லுச்சு?"

ஆட்கள் இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் பக்கத்தில் கிணறு வேலையைப் பூசை போட்டுத்தான் தொடங்குவார்கள். தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறவரை கிணற்று மேட்டில் நின்று ஒருவரும் கெட்ட சொல் சொல்லக் கூடாது. அதிலும் பெண் கட்டிய வீட்டில் ஒரு மாப்பிள்ளை நின்றுகொண்டு, 'உங்கள் கிணறு இடியப் போகிறது' என்று சொல்வதா? சொன்னபிறகு இடியாமல் போனால்? ஏற்கெனவே எறும்பு, இனி புறாவும் சேர்ந்துகொள்ளும். இதையெல்லாம் நின்று நிதானமாக யோசித்தேன். யோசித்து, மரியாதையாக ஒரு வார்த்தை கண்டுபிடித்தேன்.

"வெயில் ஏறுதுங்க மச்சான். எல்லாரும் மேல வந்து ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டு எறங்கலாமுங்களே."

"அட, மாப்ளைக்குப் பசி வந்துருச்சாட்ட இருக்குது!" என்றார் மச்சான். ஆட்களைப் பார்த்து, "ஏறுங்கப்பா, ஏறுங்க. விருந்தாளியப் பட்டினி போட்டுப்போட்டம்னு எங்கம்மா என்னையத்தான் வைவா. நீங்க போங்க, நான் இந்த ஒரு கூடைய நெரப்பிப்போட்டு வாரேன்" என்றார்.

ஆட்கள் இருவரும் படியேறி வந்து, என்னைத் தாண்டி, கை கழுவத் தொட்டிப் பக்கம் போனார்கள். நான் அங்கேயே நின்றேன். மச்சான் குனிந்து மண்வெட்டியால் கூடையில் சேற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து மண் சர்க்கரை கொட்டுவது போல மெல்லியதாக ஒழுகத் தொடங்கியது. அப்போதாவது கத்தியிருக்கலாம். என் வாய் திறந்தது. வந்தது என்ன தெரியுமா? "மச்சான், அப்புறம் பாத்துக்கலாமுங்களே..."

அவர் நிமிர்ந்து, சிரித்த முகமாக, "பசி பொறுக்காதுங்களா மாப்ளே?" என்றார்.

சத்தம் நான் நினைத்த அளவு பெரிதாக இல்லை. வெடிப்புக்கு அந்தப் பக்கம் இருந்த தரை, புல்லோடு அப்படியே உட்கார்ந்து, உள்ளே போனது. புழுதி அடங்கியபோது மண்வெட்டியும் இல்லை, கூடையும் இல்லை, மனிதரும் இல்லை. அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் ஓடிவந்து தோண்டினார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன?

இழவு வீட்டில் நடந்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை. கூலியாட்கள் இருவரும் எல்லார் முன்னாலும் என் காலில் விழுந்தார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உங்க வாயில சாமி வந்து கூப்புட்டிருக்குதுங்க மாப்ளே. எம் மவன்தான் கேக்கலீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தால் குனிந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள்.

கருமாதி முடிந்து புறப்படும்போது, கூலியாட்களில் வயதில் மூத்தவர் வண்டியருகே வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டார்.

"மேலதான நின்னுட்டிருந்தீங்க. மண்ணு எங்கியாச்சும் வெடிச்சிருந்துதுங்களா?"

"நான் பாக்கலீங்க" என்றேன்.

அவர் "செரீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாட்டின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் நம்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. என் மனைவியிடமும் நான் சொன்னதில்லை. அந்த வீட்டில் இப்போதும் எனக்குத் தனி மதிப்பு. நல்ல காரியம் எதுவானாலும் என் வாயால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். நானும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

ஆபத்து வருமுன் மண்ணும் பறவையும் தங்களால் ஆனமட்டும் சொல்லிவிடுகின்றன. அதை அன்று சரியாகவே படித்தேன். படித்ததைக் கத்திச் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று என் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டதைத்தான், இத்தனை வருஷமும் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன்.