கடைசிச் சொல்லுக்கு முன் எழுந்த குலவை

கண்டியில் நான் தேநீர் குடிக்கும் கடைக்காரர் காசிம் நானா பத்திரிகை வாசிக்கும் விதத்தைப் பார்த்தால் நம்மூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வாக்கியத்தின் தலையில் அவர் தொடங்குவதே இல்லை. விரலை ஓடவிட்டு முற்றுப்புள்ளியைப் பிடித்து, அதற்கு முன்னால் நிற்கும் சொல்லை வாசித்துவிட்டு, அப்புறம்தான் நிதானமாக முதல் வரிக்கு வருவார். வந்த புதிதில், ஏன் இப்படி என்று கேட்டேன். "கப்பல் கவுந்ததா கரை சேந்ததாண்டு தெரியாம பத்து வரிய எப்பிடி தம்பி வாசிக்கிறது? எனக்கு நெஞ்சு படபடக்கும்" என்றார். நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை.

திருநெல்வேலிப் பக்கத்தில் எனக்குத் தமிழ் சொல்லித்தந்தவர்கள் முடிவை ஒளித்துவைப்பதைத்தான் அழகு என்றார்கள். காரணம், சூழ்நிலை, மரியாதை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்த பிறகு, கடைசியில் வினைச்சொல் வந்து அத்தனைக்கும் பொருள் தரவேண்டும். ஊருக்கு நான் எழுதும் கடிதங்களும் அப்படித்தான். அண்ணனின் உடல்நலம், மாட்டின் உடல்நலம், மழையின் உடல்நலம் எல்லாம் விசாரித்து முடிந்த பிறகே என் தலை தெரியும். பிழைப்புக்காக இங்கே வந்து, தோட்டங்களுக்கு ஏஜன்சி பார்க்கும், இங்கே கந்தோர் என்று சொல்லும் ஒரு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலையில் அமர்ந்தபோது, ஆங்கிலத் துரைமாரின் கடிதங்கள் எனக்கு ஊமைக்காயம் போல வலித்தன. எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்களே, இவர்களுக்கு ஈரமே கிடையாதா என்று நினைத்தேன்.

தேயிலை விலை விழுந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாக ஆளைக் குறைத்த காலம் அது. நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து, தமிழில் எழுதித் தொழிலாளருக்கு வாசித்துக்காட்டும்படி ஒரு அறிவித்தல் வந்தது. மூன்றே வாக்கியம். இன்னின்ன குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்படும். தேயிலை விலை விழுந்துவிட்டது. அவர்கள் நன்றாக வேலை செய்தவர்கள். அவ்வளவுதான்.

எங்கள் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர். நெற்றி நிறையத் திருநீறு, யாரையும் கடிந்து பேசாதவர். துரையின் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதை இப்பிடியே எழுதினா முகத்திலை அறைஞ்ச மாதிரி எல்லே இருக்கும், தம்பி? பாவங்கள். அதுகளின்ரை உழைப்பை முதலிலை சொல்லுவம். துக்கத்தைக் கடைசியிலை வைப்பம். அதுக்கிடையிலை மனம் கொஞ்சம் பக்குவப்பட்டிடும்" என்றார்.

அவரே எழுதினார். மூன்று வாக்கியங்களையும் ஒன்றாகக் கோத்துத் தலைகீழாக்கினார். மழை என்றும் பனி என்றும் பாராது உழைத்து, துரையவர்களின் மதிப்பைப் பெற்று, தோட்டத்துக்கு நல்ல பெயர் தேடித்தந்த... என்று போயிற்று அது. நடுவில் குடும்பங்களின் பெயர்கள். அவற்றுக்குப் பிறகு விலை. எல்லாவற்றுக்கும் பிறகு, அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று என்ற சொல். துரை சொன்னதில் ஒன்றைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எத்தனை அழகான தமிழ் என்று நான் மனதாரப் பாராட்டினேன். வாசித்துக்காட்ட என்னையே அனுப்பினார்கள்.

காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடத்தைத் தோட்டத்தில் பெரட்டுக்களம் என்பார்கள். பனி விலகாத அந்தக் களத்தில், கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். துரையின் காகிதம் வாசிக்கப்படுகிறது என்றால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. நல்லதாக இருந்தால் பெண்கள் குலவை போடவேண்டும். நான் வாசிக்கத் தொடங்கினேன். மழை, பனி, மதிப்பு, நல்ல பெயர். கூட்டத்தில் தலைகள் நிமிர்ந்தன. அடுத்துப் பெயர்களைப் படித்தேன். பெயர் வந்த குடும்பத்தார் முகமெல்லாம் மலர முன்னால் வந்து நின்றார்கள். கடைசிப் பெயர் செல்லம்மா. இடுப்பில் பெண்குழந்தையோடு வந்தவளைப் பார்த்து யாரோ, "அட, நம்ம செல்லம்மாவுக்கும் கெடச்சிருச்சு!" என்றார்கள். குலவை எழுந்தது.

இன்னும் என் வாக்கியம் முடியவில்லை. கங்காணி மட்டும் விஷயம் தெரிந்தவர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குலவை அடங்கியதும் மிச்சத்தை வாசித்தேன். யாருக்கும் அது போய்ச் சேரவில்லை, கைகூப்பியபடியே நின்றார்கள். காகிதத்தை மடித்துவிட்டு, என் வாயால் சொன்னேன்.

"உங்களை இந்தியாவுக்கு அனுப்புறாங்க. இங்க இனி வேலை இல்லை."

அதைவிடச் சின்ன வாக்கியத்தை நான் அதுவரை தமிழில் சொன்னதில்லை. செல்லம்மாதான் முதலில் பேசினாள்.

"அப்ப மொதல்ல வாசிச்சது பொய்யுங்களா?"

"பொய் இல்லைம்மா. எல்லாம் நிஜம்தான்."

"நெசமா நல்லா வேல செஞ்சிருந்தா ஏங்க அனுப்புறாங்க?"

ஒரே செய்திதான். ஆனால் துரை எழுதிய வரிசையில் அது வெறும் கெட்ட செய்தி. எங்கள் வரிசையிலோ முதலில் கையில் கொடுத்து, பிறகு பிடுங்கிக்கொண்டது. பெரிய கிளாக்கரின் இரக்கத்தில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அவர் சேர்த்த ஈரம்தான் அந்தப் பெண்களைக் குலவை போடவைத்தது.

நான் புறப்படும்போது செல்லம்மா பின்னாலேயே வந்தாள். புருஷனும் பெற்றோரும் அந்தத் தோட்டத்திலேயே மண்ணுக்குள் போய்விட்டார்கள். அவள் பிறந்ததும் அங்கேதான். பூர்வீகம் திருநெல்வேலி என்று அவளுடைய காகிதத்தில் இருக்கிறது, அதற்குமேல் ஒன்றும் தெரியாது. "ஐயா அந்தப் பக்கமாமே. அங்க எறங்கி நாங்க யாருகிட்டங்க போறது?" என்று கேட்டாள். அண்ணனுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுத உட்கார்ந்ததும் கை பழைய வழக்கப்படியே ஓடியது. அண்ணன், மாடு, மழை. பாதிப் பக்கம் போன பிறகும் செல்லம்மா வந்து சேரவில்லை. பெரட்டுக்களத்துக் குலவை காதில் கேட்டது. கிழித்துப் போட்டேன். பிறகு எழுதினேன்: "செல்லம்மா என்று ஒரு பெண் குழந்தையோடு வருகிறாள். அவளுக்கு அங்கே யாரும் இல்லை. நம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இந்தத் தைக்கும் வரவில்லை."

அவர்களை ஏற்றிவந்த ரயிலைப் பேராதனை ஸ்டேஷனில் போய்ப் பார்த்தேன். குழந்தை ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தது. செல்லம்மா மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாறோங்க" என்றாள். கடலுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு அந்நியம், எனக்கோ பிறந்த மண். அவள் அங்கே போகிறாள், நான் அவள் பிறந்த நாட்டில் நிற்கிறேன். யாருக்கு யார் வழியனுப்புவது என்று புரியாமல் கையை மட்டும் அசைத்தேன்.

மாதங்கள் கழித்து அண்ணனின் பதில் வந்தது. காசிம் நானாவின் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். நம்மூர்த் தமிழ், பக்கம் முழுவதும் ஒரே வாக்கியம். என் விரல் தானாக முற்றுப்புள்ளிக்கு ஓடியது. "கேட்கிறாள்" என்றிருந்தது. உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியோடு மேலே போனேன். உன் கடிதம் அதட்டலாக இருந்ததில் எங்களுக்கு வருத்தம்தான் என்றாலும், நீ அனுப்பிய பெண்ணை அண்ணி தங்கைபோல வைத்துக்கொண்டு, வயல் வேலையும் பழக்கி, குழந்தைக்கும் ஒரு குறையில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க, அவளோ மழை இருட்டும் போதெல்லாம் வாசலில் வந்து நின்று, நாங்க எப்பங்க ஊருக்குப் போறது என்று கேட்கிறாள்.

"நல்ல சேதியா தம்பி?" என்றார் நானா. கடைசிச் சொல்லை முதலிலேயே வாசித்துவிட்டேன், அப்படியும் அவருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் ஊர் என்று கேட்ட இந்த மலைநாட்டில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கடை வாசலில் போய் நின்று, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.