இசக்கி அத்தையின் கழுத்துக்குள் போன மருந்து

மும்பைக்கு அந்தப் பக்கம் கோபர்கைரனேயில் ஒருவன் பீர் பாட்டிலைத் திறந்தால் தாராவியில் இசக்கி அத்தையின் மூக்கு விடைக்கும். அணுசக்தி நகரில் விஞ்ஞானிகள் பஸ் பஸ்ஸாகப் போய் வருகிறார்களே, இப்படி ஒரு கருவியை அவர்களால் இன்றுவரை செய்ய முடிந்ததா? போலீஸ்காரனாவது ஊதச் சொல்லித்தான் கண்டுபிடிப்பான். அத்தைக்கு நீங்கள் படி ஏறி வருகிற சத்தமே போதும்.

தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அத்தை மெஸ் நடத்துகிறாள். சாப்பிட வருவதெல்லாம் தையல் கூடத்து ஆட்கள். குடித்துவிட்டு வந்தவனுக்குச் சோறு கிடையாது. அவள் புருஷன் சுயம்பு குடித்தே போய்ச் சேர்ந்தவர். பாடை தூக்க வந்த நாலு பேர் மேலும் வாடை அடித்தது. அத்தை அழுகையை நிறுத்தி, அவர்களைத் திருப்பி அனுப்பினாள். மெஸ் பந்தியில் இருந்த நாலு பேரைக் கை கழுவிவிட்டுப் பாடை தூக்க வரச் சொன்னாள்.

அப்படிப்பட்டவளின் கழுத்துக்குள் ஆல்கஹால் ஏற்றப் போகிறார்கள். வீட்டில் அது ஷாலினிக்கு மட்டும்தான் தெரியும். ஷாலினி அத்தையின் அண்ணன் மகள். பத்தாவதில் இரண்டு தரம் கோட்டைவிட்டு மெஸ்ஸில் தட்டெடுக்கிறவள். மீதி நேரத்தில் சாப்பிட வந்தவர்களின் செருப்பை ஜோடி மாற்றி வைக்கிறவள்.

அத்தையின் தைராய்டில் எலுமிச்சம்பழம் போல ஒரு நீர்க்கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று சோதனையில் தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு முறை ஊசியால் நீரை உறிஞ்சியும் மறுபடி ஊறிவிட்டது. இப்போது சோற்றுக்கு ரசம் விட்டுப் பிசைந்தால்தான் தொண்டையில் இறங்குகிறது. ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். குரல் போனால் மெஸ்ஸை எப்படி நடத்துவது என்று அத்தை கத்தியின் பக்கமே போக மறுத்தாள்.

ஒரு மத்தியானம் ரிப்போர்ட் வாங்க ஷாலினி மட்டும் செம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாட்டுங்காவிலிருந்து வருகிற டாக்டர் ஷ்யாமளா வேறு வழி சொன்னார். சோனோகிராபி ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நீரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொஞ்சம் எத்தனால், அதாவது சுத்தமான ஆல்கஹால், செலுத்துவார்களாம். அது கட்டியின் உள்சுவரைச் சுட்டு வற்றவைக்கும். கத்தி வேண்டாம். ஆனால் அசைந்தால் மருந்து வெளியே கசிந்து குரல் நரம்பைத் தொட்டுவிடலாம். அத்தையிடம் தெளிவாகச் சொல்லிவிடு என்றார்.

ஷாலினி தெளிவாகச் சொன்னாள், ஜெர்மனியிலிருந்து வருகிற சூடம் கரைத்த மருந்து, வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று.

"ஜெர்மனிக்காரனுக்குச் சூடம் எதுக்குட்டி?" என்றாள் அத்தை.

அன்றிலிருந்து வீட்டில் சந்தேகம் குடியேறியது. அத்தை மருந்தின் பேரைத் திரும்பச் சொல்லச் சொல்வாள். மறுநாள் அதே பேர் வருகிறதா என்று காது கொடுப்பாள். ஷாலினிக்கும் அவள் மேல் சந்தேகம்தான். இவ்வளவு கேட்கிறவள், யாரிடமாவது விசாரித்தாளா? விசாரித்திருந்தால் ஏன் இன்னும் அடி விழவில்லை?

ஊசி போடுகிற அன்று அத்தை முதலில் மிஷினைச் சந்தேகப்பட்டாள், பிறகு கழுத்தில் தடவிய ஜெல்லியை. என்ன மருந்து என்று தெரியுமா என டாக்டர் கேட்டதும் ஷாலினி முந்திக்கொண்டு, எல்லாம் சொல்லியாச்சு என்றாள். அத்தை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"பேசப்படாது, எச்சில் முழுங்கப்படாது, அசையவே கூடாது. அசைஞ்சா குரல் போயிடும்," என்றார் டாக்டர்.

மரத்துப்போகிற ஊசி முதலில். பிறகு பழுப்பு நிறத்தில், ஆறிப்போன டீ மாதிரி, நீர் சிரிஞ்சுக்குள் ஏறியது. அது முடிந்ததும் நர்ஸ் சின்னக் குப்பி ஒன்றை உடைத்தாள்.

அத்தையின் மூக்கு விடைத்தது.

பஞ்சில் தொட்டுத் துடைக்கிற ஸ்பிரிட் வேறு, இது வேறு. அவளுக்கா தெரியாது? கண்கள் மெல்லக் கால்மாட்டுக்கு இறங்கி, அங்கே நின்ற ஷாலினியிடம் வந்து நின்றன. எழுந்துவிடுவாள் என்றுதான் ஷாலினி நினைத்தாள். எழுந்தால் ஊசி விலகும், மருந்து கசியும், குரல் போகும். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அத்தையின் கால் பெருவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சிரிஞ்சை அழுத்தினார். சூடு காதுவரை ஏறியிருக்க வேண்டும், அத்தையின் நெற்றி சுருங்கியது. கழுத்து மட்டும் கல்லாக இருந்தது.

முடிந்ததும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஷாலினி கையெட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள். குரல் இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். கேட்கவும் பயம்.

அத்தை செருமினாள். "சூடமாட்டி அது?"

கொஞ்சம் கரகரப்பு. ஆனால் அதே குரல். ஷாலினிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"தெரிஞ்சும் ஏன் அத்தே எந்திரிக்கல?"

"எந்திரிச்சா குரல் போவும். அப்புறம் உன்னைய எப்படி ஏசுறது?" அத்தை கழுத்துப் பிளாஸ்டரைத் தடவிக்கொண்டாள். "அதெல்லாம் வீட்டுல வச்சுக்கிடுதேன். ஊசி போடுதப்ப எதுக்கு அழுத?"

தான் அழவே இல்லை, மருந்து வாடை கண்ணில் ஏறிவிட்டது என்றாள் ஷாலினி.

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நர்ஸம்மா குப்பிய உடைக்கதுக்கு முன்னாலேயே என் காலு நனைஞ்சிருந்துச்சேட்டி."