பத்மாராவ் நகர் ஃப்ரிட்ஜில் வந்த விளம்பரம்

செகந்திராபாத்தின் பத்மாராவ் நகரிலும் மாரேட்பள்ளியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள், வீட்டுச் சாதனம் எது வாங்கினாலும் ஜம்புநாதனைத்தான் அழைக்கின்றன. அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. கொள்ளுத்தாத்தா ஆங்கிலேயர் படையோடு ஆற்காட்டிலிருந்து இங்கு வந்தவர். 1996 முதல் செய்த ஒவ்வொரு வேலையையும் ஜம்புநாதன் தேதியிட்டு நோட்டில் எழுதி வருகிறார். இருபத்தேழு நோட்டுகள் உள்ளன. 2018க்கு முந்தைய பக்கங்களில் குழாய், பிளக், ஸ்டெபிலைசர் போன்ற சொற்களே மிகுதி. அதன் பிறகு 'வைஃபை', 'ஆப்', 'அஞ்சும் ஓகே' ஆகியவை தென்படுகின்றன.

கடைசிக் குறிப்புக்கு விளக்கம் தேவை. புதிய சாதனத்தை முதன்முதலில் இயக்கும்போது திரையில் ஐந்து ஒப்புதல்கள் கேட்கப்படும். இரண்டுதான் கட்டாயமானவை, மற்ற மூன்றும் விளம்பரத்துக்காகத் தகவல் திரட்டுபவை. ஜம்புநாதன் ஐந்தையும் அமுக்கிவிடுவார். உள்ளேயிருந்து காபி வருவதற்குள் வேலையை முடிப்பது அவருடைய பெருமை. பாஸ்வேர்டை மறந்துவிடும் முதியவர்களுக்காக இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார்: ஒரு குடும்பம் எத்தனை வீடுகளில் பிரிந்து வாழ்ந்தாலும் ஒரே அக்கவுண்ட்.

2023 ஆகஸ்டில் அவர் பத்மாராவ் நகரில் சந்திரசேகரன் வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜைப் பொருத்தினார். சந்திரசேகரன் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தனியாக வாழ்ந்தார். கதவில் திரை பதித்த அந்த ஃப்ரிட்ஜை அவருடைய ஒரே மகள் உஷா வாங்கிக் கொடுத்திருந்தார். காலையில் அதில் பஞ்சாங்கம் வரும். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அதே வாரம் கச்சிபௌலியில் உஷாவின் அடுக்ககத்தில் அதே நிறுவனத்தின் டி.வி.யையும் ஜம்புநாதன் மாட்டினார். அக்கவுண்ட் ஒன்றே.

2025 அக்டோபரில் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் விளம்பரங்கள் தோன்றத் தொடங்கின. முதலில் எண்ணெய், மெத்தை. நவம்பரில், ஷாமிர்பேட் சாலையிலுள்ள ஒரு முதியோர் இல்லம் ஐந்து நாள் தொடர்ந்து வந்தது. சந்திரசேகரன் அழைக்க, பதினேழாம் தேதி ஜம்புநாதன் போய்ப் பார்த்தார்.

"வா ஜம்பு. ராகு காலம் பாக்கப் போனா முதியோர் இல்லம் வருது, 'தனியா இருக்கீங்களா?'ன்னு. காலங்காத்தால பால் எடுக்க வந்தவனைப் பார்த்துக் கேக்கற கேள்வியா இது?"

"ரூம்ல ஏ.சி. உண்டா சார்?"

"உண்டு. தோட்டம் வேற. அது கிடக்கட்டும், எனக்கு ஏன் வருது? நான் எதையும் தொடவே இல்லையே."

ஜம்புநாதன் தம் தொழிலறிவைக் காட்டினார். "சும்மா வராது சார். இந்த அக்கவுண்ட்ல யாராவது தேடியிருக்கணும். தேடினாதான் இப்படிப் பின்னாலயே வரும்."

"இந்த அக்கவுண்ட்ல நான் ஒருத்தன்தானே?"

"நை சார், நீங்க மட்டும் இல்ல, உஷாம்மா வீட்டு டி.வி.யும் இதுலதான்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குப் புரிந்தது. சந்திரசேகரன் ஃப்ரிட்ஜ் கதவையே பார்த்தபடி நின்றார்.

"டி.வி.ல தேட முடியுமா?"

"ஹவ் சார், முடியும். வாயால சொன்னாலே தேடும்." பிறகு அவசரமாக, "பசங்க யாராவது வந்து எதையாவது அமுக்கியிருக்கும் சார்."

"முதியோர் இல்லத்தையா?"

ஜம்புநாதன் அந்த மூன்று ஒப்புதல்களையும் தேடி நீக்கினார். விளம்பரம் நின்றது, அதோடு பஞ்சாங்கமும் நின்றது.

மாலையில் அவர் உஷாவுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னார்.

"நான்தான் தேடினேன் அண்ணா. ஆஃபீஸ்ல ரெண்டு வருஷம் சிங்கப்பூர் போகச் சொன்னாங்க. அப்பாவை என்ன பண்றதுன்னு பார்த்தேன். மனசு வரலை. போகலைன்னு வெள்ளிக்கிழமையே மெயில் போட்டுட்டேன். அப்பாவுக்கு இது எதுவுமே தெரிய வேண்டாம்னு நினைச்சேன்."

"நான்தான் கெடுத்துட்டேன் உஷாம்மா."

"நீங்க சொல்லலேன்னாலும் அது அஞ்சு நாளா சொல்லிட்டுதானே இருந்தது."

அடுத்த ஞாயிறன்று உஷா பத்மாராவ் நகருக்குப் போய் அனைத்தையும் தந்தையிடம் சொன்னார். சந்திரசேகரன் கோபப்படவில்லை. "வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேங்கறே. உக்காந்து முடிவு பண்ற அளவுக்கு நான் பாரமாயிட்டேனே" என்றார். தாம் இல்லத்துக்குப் போவதாகவும், அவள் சிங்கப்பூர் போக வேண்டும் என்றும் பிடிவாதமாக நின்றார். உஷா மறுத்தார், அழுதார். சந்திரசேகரன் தாமே ஷாமிர்பேட்டுக்கு ஆட்டோவில் போய் அறையைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டு வந்தார். உஷா மீண்டும் அலுவலகத்தில் கேட்டபோது அந்த இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. அதைத் தந்தையிடம் சொன்னார். பதிவு செய்தது செய்ததுதான் என்று அவர் சொல்லிவிட்டார்.

2026 ஜனவரி ஒன்பதாம் தேதி ஃப்ரிட்ஜைக் கழற்ற ஜம்புநாதன் வந்தார். சந்திரசேகரன் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிளக்கைப் பிடுங்கியதும் திரை அணைந்தது.

"சார், நான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

"இருந்திருக்கலாம்" என்றார் சந்திரசேகரன். "எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அவ எங்கயும் போகலை, நானும் இங்கயே இருந்திருப்பேன். நல்லாத்தான் இருந்திருக்கும்."

ஜம்புநாதன் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தார். உள்ளே மிச்சமிருந்த தயிர்ப் பாத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.